சிறையும் சார்பும்

(ஸ்ரீமுஷ்ணம் நித்தீசுவரர் திருக்கோயிலில் நிகழ்த்திய இரண்டாம் நாட் சொற்பொழிவு)

சிவமயம்

மெய்யன்பர்களே,

நேற்று மாலை இச்சந்நிதியில் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரப் பொருளை எமது சிற்றறிவிற்கு எட்டியவாறு விரித்துரைத்தோம். உரை முடிந்து எல்லாரும் எழும் வேளையில், கடைக்கோடியில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எம்மை அணுகி வினாவொன்று விடுத்தார். அவ்வினாவிற்கு யாம் அளித்த விடை தவறாயிற்று. அதனை இன்று எல்லீர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு, சொல்லியிருக்க வேண்டுவதனைச் சொல்லப் புகுகின்றோம்.

அவர் கூறியது இது: "சுவாமி, என் மகன் கடலூர்ச் சிறையில் இருக்கின்றான். வழக்கு இன்னும் முடியவில்லை. செய்தானா இல்லையா என்று நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் வீட்டைப்பற்றிக் கேட்பான், பயிரைப்பற்றிக் கேட்பான். சென்ற முறை ஒன்றும் கேட்கவில்லை. 'அப்பா, நான் யாரென்றே எனக்குத் தெரியவில்லை' என்று மட்டும் சொன்னான். நான் அவனுக்கு என்ன சொல்லட்டும்?"

யாம் உடனே, மேடையிற் பழகிய நாவினால், "ஐயா, இவ்வுடம்பே சிறை, மும்மலமே விலங்கு, பிறந்தார் எல்லாரும் சிறைப்பட்டோரே, நும் மகனுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை" என்றோம். அம்முதியவர் சிறிதுபோது வாளா நின்று, பின்பு, "சுவாமிகள் சொல்வது சரிதான். ஆனால் இந்தக் கோயில் வாயிலை நான் நினைத்தால் தாண்டிப் போவேன். அவன் போக முடியாது" என்று கூறிக் கும்பிட்டுச் சென்றார்.

யாம் கூறியது பொய்யன்று. இடமறியாது கூறிய மெய். வாயில் திறந்திருப்பவன் வாயில் அடைபட்டவனை நோக்கி, 'யானும் நின்போற் சிறையிலுள்ளேன்' எனல், உண்டு களைத்தவன் பசித்தவனை நோக்கி, 'பசி உலகிற்குப் பொது' எனல் போலும். சைவப் பிரசங்கங்களிற் சிறை என்னும் உவமையை எத்துணை எளிதாக எடுத்தாளுகின்றோம்! உவமானத்தை ஒருகாற் சென்று கண்டோமல்லோம்.

ஆகவே, உவமையை விட்டுச் சிறையையே முதற்கண் நோக்குவாம். சிறை ஒருவனைச் செய்வது யாது? அவனுடம்பை ஓரிடத்து நிறுத்துகின்றது என்பது வெளிப்படை. அதனினும் நுண்ணிதாகப் பிறிதொன்று செய்கின்றது. தண்டனை பெற்றவனாயின் அவன் ஆடை மாறுகின்றது. பெயரிருந்த இடத்தில் எண் அமர்கின்றது. விசாரணைக் கைதிக்கு ஆடை தன்னதே. ஆயினும் உழவன் என்றோ வணிகன் என்றோ, இன்னார் மகன், இன்னாள் கணவன், இன்ன ஊரான் என்றோ அவனை அழைப்பார் அங்கு இலர். எழுதலும் உண்டலும் உறங்கலும் மணியோசையின் வழி. 'யான்' என்று அவன் இதுகாறும் சொல்லி வந்த சொல்லின்கீழ் எவையெவை தாங்கி நின்றனவோ, அவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உருவப்படுகின்றன. அதன்பின் எஞ்சுவது யாது என்று தேடுகின்றான், ஒன்றும் அகப்படவில்லை. 'யான் யாரென்று தெரியவில்லை' என்றான் அவன். அது நோயாளியின் பிதற்றலன்று. நம் சாத்திரம் தொடங்குமிடத்தில் அவன் வந்து நிற்கின்றான்.

இத்தகையோர் சிலரல்லர். 2022-ஆம் ஆண்டின் இறுதிக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர்க்கு, 'நீ இன்னது செய்தாய்' என்று எந்நீதிமன்றமும் இன்னும் கூறவில்லை. ஆயினும், தீர்ப்பு வருமுன்னரே தம்மைக் குறித்துத் தாமே தீர்ப்பெழுதிக் கொள்வோர் அவருட் பலராதல் கூடும். ஒருவன் 'யான் கெட்டவன், அவ்வளவே' என்று எழுதிக்கொள்கின்றான். ஒருவன் 'யான் அஞ்சப்படுபவன்' என்று எழுதிக்கொண்டு அதனாற் பெருமிதமும் எய்துகின்றான். பின்னையோன் நிலை முன்னையோன் நிலையினும் இரங்கத்தக்கது.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? உயிர் தனித்து நில்லாத பொருள் ஆதலின். சத்துமன்று, அசத்துமன்று, சதசத்து என்று ஏழாஞ் சூத்திரம் அதனை வைக்கும். படிகம் தன்னருகிற் கிடக்கும் பொருளின் நிறத்தைத் தன்னிறம்போற் காட்டுமாறு, உயிர் சார்ந்ததன் வண்ணமாம். செந்நிறப் பூவை எடுத்துவிட்டாற் படிகம் வெறிதே நிற்கும். உயிரோ அவ்வாறு வெறிதே நிற்றல் ஆற்றாது. பழைய சார்பு நீங்கிய அக்கணமே புதிய சார்பைத் தேடிப் பற்றும். சிறை பழைய சார்பை நீக்குதல் மட்டுமே செய்கின்றது. புதிய சார்பு யாதென்பதை அது சொல்லுவதில்லை. அருகிற் கிடப்பது யாதோ அதுவே நிறமாகின்றது. சிறை சிலரைத் தூய்தாக்கிற்று என்று புகழ்வாரும், சிறை சிலரைக் கெடுத்தது என்று இகழ்வாரும் இவ்வுண்மையை நோக்கார். செய்தது சிறையன்று, அங்கே அவ்வுயிர் எதனைச் சார்ந்ததோ அதுவே.

இதற்கு நம் தமிழ்நாட்டிலே, நம் பாட்டனார் காலத்திலே நிகழ்ந்த ஒரு வரலாறுண்டு. தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களை அறியாதார் இலர்; அவரைக் கப்பலோட்டியவராக அறிவாரே பலர். 1906-ஆம் ஆண்டிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியவர், வழக்கறிஞர், ஒரு சொல்லாற் பல்லாயிரவரைத் திரட்ட வல்லவர். 1908-ஆம் ஆண்டில் அரசநிந்தனைக் குற்றஞ் சாட்டப்பட்டு ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயமுத்தூர்ச் சிறையில் அவரை மாட்டிற்குப் பதிலாகச் செக்கிற் பூட்டி இழுக்கச் செய்தனர்.

அன்பர்களே, இவ்விடத்திற் சிறிது நிற்க வேண்டுகின்றோம். பசு என்னும் சொல்லை நாள்தோறும் நாம் ஓதுகின்றோம். பாசத்தாற் கட்டுண்டமையிற் பசு எனப் பொருளுரைக்கின்றோம். அங்கே ஒருவர் மெய்யாகவே மாட்டின் இடத்தில் நின்றார். கயிறு மெய்யாகவே அவர்மேல் இருந்தது. கப்பலுக்குடையவர் என்ற பெயரும் வக்கீல் என்ற பெயரும் செக்கைச் சுற்றும் அவ்வட்டத்தினுள் ஒரு பயனும் செய்யவில்லை.

அந்நிலையில் அவர் எதனைச் சார்ந்தார்? நூல்களைச் சார்ந்தார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயரின் சிறு நூலை 'மனம்போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். பின்பு கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகட்கு அறம் உரைத்தார். 'மெய்யறம்', 'மெய்யறிவு' என்பன அச்சிறை வாழ்வினின்று தோன்றிய நூல்கள். 1912-ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலையாகி வெளிவந்தபோது கப்பற் கம்பெனி இல்லை. வழக்கறிஞர் சன்னதும் இல்லை. முன்னிருந்த சார்புகளை நோக்கி மீள்வதற்கு ஒரு வழியும் விடப்படவில்லை. அதன்பின் நெடுங்காலம் வறுமையோடு கூடிய வாழ்வு. அதனூடே தமிழ்நூற் பயிற்சி. 1935-ஆம் ஆண்டில், அவர் மறைவிற்கு ஓராண்டு முன், அவரிடமிருந்து ஒரு நூல் வெளிப்பட்டது. அது சிவஞானபோதத்திற்கு எளிய உரை.

இவ்வொழுங்கை யாம் கருதுமாறு கூறுவோம், உடன்படாதார் விடுக. மனம் எவ்வாறோ வாழ்வும் அவ்வாறே என்பது செக்கடியில் ஒருவர்க்குப் பெருந்துணை. உடம்பு பிறர் கையிலிருப்பினும் நினைவு தன் கையிலுள்ளது என்னும் துணிவை அது தரும். ஆயின், அம்மனத்திற்குப் பற்றுக்கோடு யாது என்னும் வினா அதன் பின்னரும் எஞ்சும். மனமும் மாயையின் காரியமே அன்றோ? தானே தன்னைத் தாங்குதல் அதற்கு எங்ஙனம் இயலும்? அவ்வினாவை உடன்கொண்டு நடந்த ஒருவர் ஈற்றில் மெய்கண்டார்பால் வந்து சேர்தல் வியப்பன்று. செக்கிற் பூட்டுண்டு நின்றவர் பதி பசு பாசம் கூறும் நூலுக்கு உரை எழுதினார் என்பதை நினையுந்தோறும், அவ்வுரையை ஏனை உரைகளோடு ஒருங்குவைத்துக் குறைநிறை தூக்கும் துணிவு எமக்கு எழுவதில்லை.

இனி, எட்டாஞ் சூத்திரத்திற்கு மீள்வாம். மெய்கண்ட தேவர் அவதரித்த திருப்பெண்ணாகடம் திருமுட்டமாகிய இவ்வூர்க்கு அணித்தே உள்ளது. நம்மிற் பலர் அங்குச் சந்தைக்கும் இரயிலுக்கும் போய்வருவோம். அவ்வூரிற் பிறந்த அப்பெருமான் உயிரின் நிலைக்குக் காட்டிய உவமை அரசன் மகன். அவன் குழவிப் பருவத்தே வேடர் கையிற் பட்டு, வேடரோடு வளர்ந்து, தன்னையும் வேடனென்றே எண்ணி வாழ்கின்றான். அரசன் சென்று அறிவிக்க, வேடரை விட்டுத் தந்தையை அடைகின்றான். வேடர் ஐம்புலன், அரசன் குருவாகி எழுந்தருளும் இறைவன்.

நேற்று இவ்வுவமையை விரித்தபோது இரண்டு நுட்பங்களை யாம் விரைந்து கடந்துவிட்டோம். முதியவரின் வினா அவற்றினிடத்தே எம்மைத் திருப்பிற்று.

அம்மகன் தானே ஆராய்ந்து தன்னை அரசன் மகனென்று கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளவும் இயலாது, அவனறிந்த மொழி வேடர் மொழி, அவனறிந்த முகம் வேடர் முகம். தனிமையில் உட்கார்ந்து 'யான் யார்' என்று ஆயிரம் முறை வினவினும், 'யான் வேடன்' என்ற விடையே அவனுக்குக் கிட்டும். உணர்த்துவார் ஒருவர் வேண்டும். சிறைத் தனிமை தானாகவே ஞானந்தரும் என்று எண்ணுவோர் இதனை நோக்குக. இத்தாலி நாட்டில் அமைச்சராயிருந்து, ஆறாம் நூற்றாண்டிற் சிறைப்பட்டுக் கொலைத் தண்டத்தை எதிர்நோக்கியிருந்த போயேத்தியசு என்பார் இயற்றிய நூலிலும் இச்செய்தி வருகின்றது. மெய்யறிவே ஒரு பெருமாட்டி வடிவிற் சிறையுட் புகுந்து, 'நின் நோயின் காரணம் நீ யாரென்பதை நீ மறந்தமையே' என்னும் கருத்துப்பட அவர்க்கு எடுத்துரைக்கின்றாள். சைவத்தின் பெயரே கேளாத நாட்டினரும் உணர்த்துவார் இன்றி உணர்வில்லை என்பதைக் கண்டனர்.

மற்றொன்று இதனினும் அரிது. அரசன் சென்று அறிவிப்பது யாது? 'நீ என் மகன்' என்பது மட்டுமன்று. 'நீ வேடரிடையே உன்னை மறந்து வளர்ந்தாய்' என்பதே அவன் அறிவிப்பது. இருந்த இடம் முதலிற் காட்டப்படுகின்றது. இதனை மறைத்து, 'நீ என்றும் அரசன் மகனே. வேடர் என்பாரும் இலர், வேட்டை என்பதும் இல்லை. எல்லாம் கனவு' என்று கூறுவாரும் உளர். சிறைப்பட்டவனுக்கு அவ்விடை முதலில் இனிக்கும். ஆயின் அவன் குற்றஞ் செய்தவனாயின், அவனாற் கொல்லப்பட்டவனும் கனவோ? அவன் மனைவி மக்களும் கனவோ? வேட்டையாடிய காலத்து அரசன் மகன் எய்த மான், அவன் அரண்மனை புகுந்தபின் உயிர்த்தெழுந்ததென்று எந்நூலும் கூறவில்லை.

அரவிந்தர் 1908-ஆம் ஆண்டு தொடங்கி ஓராண்டு அலிப்பூர்ச் சிறையில் இருந்து, சுவரிலும் காவலரிலும் கள்வரிலும் வாசுதேவனையே கண்டதாகப் பின்னர் உத்தரபாராவிற் கூறினார். அவர் அனுபவத்தை இகழ்தல் எம் கருத்தன்று. அவர் மேற்கொண்ட ஆன்ம சாதனத்தின் வழிவந்த காட்சி அது. ஆனால் அதனைச் சாதனமின்றி இரவல் வாங்கி, நடுங்கிக் கிடக்கும் ஓர் இளைஞனிடம் கொடுத்தால், அது மருந்தாகாது மயக்கமாகும்.

இதற்கு எதிர்முனையில் உலகவழக்கு நிற்கின்றது. 'செய்தவன் செய்தவனே, திருடியவன் திருடன், அதன்மேல் அவனிடம் யாதுமில்லை' என்பது அதன் கூற்று. இது வேடனை வேடனென்றே முடிவு கட்டுதல். நம் சாத்திரம் இரண்டையும் ஏலாது. செம்பிற் களிம்பு அநாதி. ஆயினும் களிம்பு செம்பன்று. வினை உண்மை; செய்தவன் உண்மை; ஆயினும் வினையே செய்தவனன்று.

அஃதேல் அம்மகன் இன்று செய்யத்தக்கது யாதெனின், உண்ணும் வினையையும் ஏறும் வினையையும் பிரித்தறிதல். உடம்பு இப்போது நுகர்வது பிராரத்தம். குற்றம் செய்தானாயின் அதன் தண்டம். செய்திலனாயின் நாமறியாத பழவினையின் பயன். 'பழவினை' என்ற சொல்லைக் கேட்டு, குற்றமற்றவனைச் சிறையிலிட்டார்க்கு நாம் பிழை பொறுத்துவிட்டதாக ஒருவரும் கொள்ளற்க. அநியாயம் செய்தவனுக்கு அது புதுவினை. வழக்கை விரைந்து முடிவு செய்விக்க முயல்வது நம் கடன். அதற்கு வழக்கறிஞரும் பொருளும் வேண்டும், பதிகம் மட்டும் போதாது. நுகரும் வினை அவன் கையில் இல்லை. ஆகாமியமோ முற்றும் அவன் கையிலுள்ளது. பக்கத்திற் கிடப்பவன் சோற்றைப் பறிப்பதும், எழுத்தறியாத ஒருவனுக்கு அவன் வீட்டுக் கடிதத்தைப் படித்துக் காட்டுவதும், நான்கு சுவர்க்குள்ளும் இயலும். செக்கிழுத்தவர் உடனிருந்தோர்க்கு அறமுரைத்தது இவ்வகையினது. அவ்வாறு செய்பவன் தன்னை யாரென்று அறிந்துவிட்டானோ எனின், இல்லை. அறிவிக்கும் குரல் வந்தாற் கேட்கும் செவியைப் பெறுகின்றான்.

கேப்பர் மலைமேல் நிற்கும் அச்சிறைக்குத் திருப்பாதிரிப்புலியூர் மிகத் தொலைவன்று. கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர் கரையேறிய தலம் அது. அதற்கு முன் அவரை ஏழு நாள் நீற்றறையில் இட்டு அடைத்தனர். உள்ளே அவர் கண்டது வெம்மையன்று. வீணை, நிலவு, தென்றல், இளவேனில், பொய்கை என ஐந்தையும் உவமையாக்கி எந்தை திருவடி நிழலைப் பாடினார். இவ்வரலாற்றைக் கூறி, 'நீயும் அவ்வாறு இரு' என்று அம்மகனுக்கு ஏவுவாருமுளர். அது கொடுமை. நாவுக்கரசர் நீற்றறை புகுமுன்னரே அதிகை வீரட்டானத்திற் சூலை தீர்ந்து, தருமசேனர் என்ற பெயர் நீங்கி, இறைவனாற் பெயர் பெற்றவர். தாம் யார் அடிமை என்பதை ஐயமின்றி அறிந்தே உட்புகுந்தார். அவர்க்கும் அதற்குமுன் திலகவதியார் வேண்டியிருந்தது. நோயோடு இரவில் வந்து நின்ற தம்பியை, 'நீ விட்டுச் சென்றவன்' என்று அவ்வம்மையார் வாயிலில் நிறுத்தவில்லை. திருநீறு அளித்து உள்ளே அழைத்துச் சென்றார். ஆதலின் அம்மகனிடம் இப்போது சொல்லத்தக்கது நீற்றறையன்று, திலகவதியாரின் வாயில்.

அறிவிக்கும் சொல் பெரிதாக இருத்தல் வேண்டா. தில்லையில் உமாபதி சிவம் சிவிகையேறிப் பகலிலே தீவட்டியுடன் சிறப்பாகச் செல்லக்கண்ட மறைஞானசம்பந்தர், உலர்ந்த கட்டையிற் பகற்குருடு போகின்றதென்னும் கருத்துப்பட ஒரு சொல் உதிர்த்தார். அச்சொல் கேட்டு அவர் இழிந்தார். விலங்கு பூண்டவர்க்கு மட்டுமன்று, சிவிகை பூண்டவர்க்கும் ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது. மடங்களிற் பல்லக்கும் பட்டமும் உடையோர் இதனை எம்மினும் நன்கு அறிவர், மேலும் சொல்லோம்.

இவ்வூர்ப் பூவராகர் கோயிலின் தலவரலாறும் ஈண்டு நினைவிற்கு வருகின்றது. நிலமகளை அசுரன் கவர்ந்து கீழே மறைக்க, மீட்பவர் கீழே இறங்கிச் சென்று மேலே கொணர்ந்தார் என்பது அது. சைவப் பிரசங்கத்தில் இஃதேன் எனச் சிலர் புருவம் நெரிப்பர். வராகம் குறித்த வழக்குகளை நாமும் அறிவோம். அவற்றிற்கு வேறு நாள் வைத்துக்கொள்வோம். யாம் எடுத்துக்கொண்டது ஒன்றே: மறைக்கப்பட்டவள் தானே ஏறி வரவில்லை, ஒருவர் அங்கே இறங்க வேண்டியிருந்தது.

நாம் இறங்கினோமா? திருப்பாதிரிப்புலியூரில் ஞானியார் அடிகள் (1873-1942) தம் சொல்லாற் சைவமும் தமிழும் தழைக்கச் செய்தார். அவர் மரபை நினைந்து ஆண்டுதோறும் விழாவெடுக்கின்றோம். தில்லையிற் சாத்திர வகுப்புகள் நடத்துகின்றோம். ஈண்டு இரண்டு நாள் எட்டாஞ் சூத்திரம் பேசினோம். ஏனைச் சமயத்தார் சிலர் சிறைகட்குச் சென்று நூல்களைக் கொடுத்து அமர்ந்து பேசுகின்றனர். அவர்மேற் குறை கூறுதற்கு நமக்கு உரிமை சிறிதும் இல்லை. 'யான் யார்' என்னும் வினாவிற்கு இத்துணை நுண்ணிய விடையைக் கையில் வைத்திருப்போர், அவ்வினாவை மெய்யாகவே கேட்போர் இருக்குமிடத்திற்குச் செல்லாமல், கேளாதார்க்கு விரித்துரைத்துக் கொண்டிருக்கின்றோம்.

இன்று காலை அம்முதியவரை அவர் இல்லத்திற் சென்று கண்டோம். வாசலில் நெல் உலர்த்திக் கொண்டிருந்தார். நேற்றைய விடைக்குப் பிழை பொறுக்க வேண்டினோம். அவர் நாணி, "அப்படியெல்லாம் சொல்லக்கூடாது சுவாமி" என்றார். அடுத்த முறை மகனைக் காணும்போது சூத்திரம் ஒன்றும் கூறவேண்டா, அவன் இதுவரை கூறாததையும் நீர் இதுவரை கேளாததையும் அஞ்சாது கேளும், அவன் எதைச் சொன்னாலும் 'நீ என் மகன்' என்று அதன்பின்னும் சொல்லும் என்றோம். அவர் நெடுநேரம் நெல்லைக் காலாற் கிளறிக்கொண்டே இருந்து, "அவன் செய்தேன் என்று சொல்லிவிட்டால்?" என்றார். "அப்போதும் அதே சொல்லே" என்றோம்.

அவர் வரும் வாரம் கேப்பர் மலைக்குச் செல்லுகின்றார். உடன்வர எம்மையும் அழைத்தார். தந்தைக்கும் மகனுக்கும் இடையில் முதன்முறை யாம் நிற்றல் தகாது என மறுத்து, சிறையிற் சாத்திரம் சொல்ல இசைவு வேண்டி அதிகாரிகட்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கின்றோம். அதிற் கையொப்பமிட விரும்பும் அன்பர்கள் இன்று ஆராதனை முடிந்தபின் எம்மைக் காண்க.

திருச்சிற்றம்பலம்.